ஐகனை அழுத்தினால் தமிழ் ஏன் வருவதில்லை?

அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலர் முதல் கோயில் திருவிழா நோட்டீஸ் வரை, யாழ்ப்பாணத்தில் பெருந்தொகையான தமிழ் பாமினி எழுத்துருவில்தான் அச்சேறியிருக்கிறது. பாமினியில் அடித்ததைக் கணினி தமிழாகப் பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகிவிடும்; இணையத்தில் தேடினாலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாறுவதை இனியும் தள்ளிப்போடக்கூடாது. பழைய கணினியில் காசு செலவில்லாமல் மாற விரும்புகிறவர்களுக்கு லினக்ஸ் நல்ல வழி. ஆனால் அங்கே ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது.

விசைப்பலகைக்குக் குறைவில்லை. இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகை, எம்17என் என்ற திறந்தமூலத் தொகுப்பில் இலங்கைக்குரியதாகவே இருக்கிறது. தமிழ்99, தட்டச்சு முறைகளும் அதில் உண்டு. அடிக்கும் விசையைத் தமிழாக்கி லிப்ரே ஒபிஸ் போன்ற செயலிகளிடம் சேர்ப்பது ஐபஸ் என்ற மென்பொருள். எக்ஸ்எஃப்சிஈ போன்ற இலேசான திரைமுகப்புகளில், ஐபஸைத்தான் கேட்கவேண்டும் என்று செயலிகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அதைச் சொல்பவை ‘ஜிடிகே ஐஎம் மொடியூல்’, ‘கியூடி ஐஎம் மொடியூல்’, ‘எக்ஸ் மொடிஃபயர்ஸ்’ என்ற மூன்று சூழல் மாறிகள்.

முனையத்தில் கட்டளைகளை வாங்கும் பாஷ் என்ற நிரலின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் இவற்றை எழுதச் சொல்லும் அறிவுரை பரவலாக உண்டு. எழுதிவிட்டு, முனையத்தைத் திறந்து லிப்ரே ஒபிஸைக் கட்டளையால் இயக்கினால் தமிழ் வருகிறது. அதே லிப்ரே ஒபிஸை ஐகனை அழுத்தித் திறந்தால் வருவதில்லை. பழுது தமிழில் என்று முடிவுகட்டிப் பாமினிக்குத் திரும்புவதற்கு இது ஒன்றே போதும்.

பழுது தமிழிலும் இல்லை, ஐபஸிலும் இல்லை. 1979இல் வந்த யுனிக்ஸ் 7ஆம் பதிப்பிலிருந்து சூழல் மாறிகளுக்கு ஒரே நியதிதான்: ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது தன்னிடமுள்ள மாறிகளின் பிரதியை அதற்குக் கொடுக்கும். தேசவழமையில் முதுசம் பெற்றோர் வழியாக வருவதுபோல, மாறிகளும் தாய் நிரலின் வழியாகவே வரும். பாஷ்ஆர்சியைப் படிப்பது முனையத்துக்குள் இருக்கும் பாஷ் மட்டும். அங்கே பிறந்த நிரலுக்கு மாறிகள் கிடைக்கின்றன. ஐகனால் திறக்கும் நிரலைத் தொடங்குவதோ, நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தபோது உருவான திரை அமர்வு. அது பாஷ்ஆர்சியைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஆகவே மாறிகளை உள்நுழையும் இடத்திலேயே வைக்கவேண்டும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளைப் பாவிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஐஎம்-கொன்ஃபிக் என்ற கருவி. பட்டியலில் ஐபஸைத் தெரிவுசெய்தால் மூன்று மாறிகளையும் அதுவே அமைத்துவிடும். கையால் எழுதுவதென்றால் முகப்பு அடைவிலுள்ள ப்ரொஃபைல் கோப்பு பொருத்தமானது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி வழியாக அமர்வைத் தொடங்கும் திரைமுகப்பென்றால், அது 2017 முதல் தரும் ‘என்வைரன்மென்ட் டொட் டி’ என்ற அடைவும் உதவும். பலர் மாறி மாறி ஒரே கணினியில் வேலைசெய்யும் அச்சகமென்றால், ஈடிசி அடைவிலுள்ள என்வைரன்மென்ட் கோப்பில் ஒருமுறை எழுதினால் எல்லோருக்கும் கிடைக்கும். அங்கே பெயர், சமக்குறி, மதிப்பு மட்டுமே எழுதவேண்டும். ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல் தேவையில்லை. ஒரேயொரு செயலிக்குத்தான் மாறி வேண்டுமென்றால், அதன் ஐகன் கோப்பில் ‘எக்ஸெக்’ என்ற வரியின் தொடக்கத்தில் ‘என்வ்’ கட்டளையோடு சேர்க்கலாம்.

எழுதிச் சேமித்ததும் உடனே தமிழ் வராது. ஓடிக்கொண்டிருக்கும் அமர்வு, தான் பிறந்தபோது பெற்றதையே வைத்திருக்கும். முற்றாக வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பிறகும் ஐயமிருந்தால், ஐகனால் திறந்த செயலியின் செயல்முறை எண்ணைக் கண்டுபிடித்து, ப்ரொக் அடைவில் அந்த எண்ணுக்குள் இருக்கும் ‘என்விரன்’ கோப்பைப் பாருங்கள். அந்தச் செயலிக்குத் தொடக்கத்தில் கிடைத்த மாறிகள் எல்லாம் அதில் இருக்கும். ஐபஸின் பெயர் அங்கே இருந்தும் தமிழ் வரவில்லையென்றால், பார்க்கவேண்டிய இடம் ஐபஸின் விசைப்பலகைத் தெரிவு. மாறிகளை இனித் தொடவேண்டாம்.