திறந்த வகுப்புக்களும் அவற்றின் காவலும்

கணினிக்கு ஆணை தொகுக்கும் மொழிகளுள் ரூபி என்பது யப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ அவர்களால் ஆக்கப்பெற்று, 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. இம்மொழியிலே ஓரினப் பொருள்களின் இயல்பை வரையறுப்பது வகுப்பு எனவும், அப்பொருள்கள் ஆற்றுந் தொழில் ஒவ்வொன்றும் முறை எனவும் பெயர் பெறும். முழுவெண், எழுத்துத் தொடர் முதலிய அடிப்படை வகுப்புக்களையுங்கூட, நிரல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மீளத் திறந்து மாற்றலாம். இம்மொழியின் சிறப்பு அதுவே, ஆபத்தும் அதுவே.

ஓர் உதாரணங் காண்போம். ரூபியில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3 என்னும் முழுவெண்ணே விடையாம். ஆயின் முன்னாளில் அம்மொழியோடு வழங்கிய 'மாத்-என்' என்னும் நூலகத்தை ஏதேனும் ஒரு மூலையில் அழைத்துவிட்டால், நிரல் முழுவதிலும் அதே வகுத்தல் 7/2 என்னும் பின்னத்தைத் தந்தது. பக்கங்களை எண்ணும் பகுதியும், பணத்தைப் பங்கிடும் பகுதியும் எச்சரிக்கை யாதுமின்றிப் பிழைபட இடமாயிற்று. 2017ஆம் ஆண்டு வெளிவந்த 2.5ஆம் பதிப்பில் அந்நூலகம் நீக்கப்பெற்றது. எனினும் அதற்கு இடந்தந்த சுதந்திரம் இன்றும் உளது.

இத்தகைய மாற்றத்தை அறியும் வழிகளுள் மூன்றினை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, பிறப்பிடம் வினாவுதல். ஒரு முறையின் 'சோர்ஸ் லொக்கேஷன்' யாதெனக் கேட்டால், அது வரையப்பெற்ற கோப்பின் பெயரையும் வரியெண்ணையும் ரூபி கூறும். சி மொழியில் எழுதப்பெற்றதாயின், இன்மையைக் குறிக்கும் 'நில்' விடையாகும். எழுத்துத் தொடரின் 'அப்கேஸ்' முறை இயல்பாக நில் என்றே விடைதரும்; அங்கே ஒரு கோப்பின் பெயர் தோன்றுமாயின் யாரோ கைவைத்துள்ளனர் என்பது தெளிவு. ஆனால் மாத்-என் இவ்வினாவுக்கு அகப்படாது. அதன் பிற்பதிப்புக்கள், 'குவோ' என்னும் சி மொழி முறைக்கே வகுத்தற் குறியை மறுபெயராகச் சூட்டின.

இரண்டாவது, ஒப்புநோக்கல். தொடக்கத்திலேயே முறையினை எடுத்துவைத்து, பின்னர் அதே பெயரில் உள்ளதோடு ஒப்பிடுதல் வேண்டும். பெயர்ப்பட்டியலை மாத்திரம் ஒப்பிடின் புதிதாய்ச் சேர்ந்தவை தெரியும். பெயர் மாறாது உள்ளே மாறியவை தெரியா.

மூன்றாவது, காவல் வைத்தல். வகுப்பிலே 'மெதட் அடெட்' என்னும் முறையை வரைந்துவைத்தால், பிறிதொரு முறை சேரினும், மீள வரையப்படினும், மறுபெயர் பெறினும் ரூபி தானே அதனை அழைத்து அறிவிக்கும். நீக்கத்தை அறிவிக்க 'மெதட் ரிமூவ்ட்' உண்டு. ஆயினும் 'பிரிபென்ட்' வழியாக ஒரு தொகுதியை வகுப்பின் முன்னே நிறுத்தினால் இக்காவல் அறியாது. அதற்கு 'ஆன்செஸ்டர்ஸ்' என்னும் மூதாதையர் வரிசையை ஒப்பிடல் வேண்டும்.

ஆகவே ஒருவழி போதாது. மேலும், ஒப்புநோக்கலுங் காவலும் மாற்றம் நிகழுமுன்னரே தொடங்கவேண்டியவை. காணி உறுதியின் பிரதியை முன்னரே எடுத்துவைத்தவனன்றோ, பின்னர் எழுத்து மாறியதை நிறுவ வல்லான்!