வீட்டுக்குள் ஒரு புகையிரதப் பாதை: வரும் ஆண்டுக்கு ஒரு திட்டம்

ஆண்டு பிறக்கும்போது நாம் எல்லோரும் ஏதாவது திட்டம் போடுகிறோம். வீட்டுக்கு நிறம் பூச வேண்டும், மகளுக்குக் கணித பாடத்துக்கு டியூஷன் ஒழுங்கு செய்ய வேண்டும், கடனில் பாதியையாவது அடைக்க வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலின் அடியில், யாரிடமும் சொல்லாமல், "பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சின்னப் புகையிரதப் பாதை செய்ய வேண்டும்" என்று மனத்துக்குள் எழுதி வைத்திருக்கும் வாப்பாமாரும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. வீட்டில் இடம் ஒதுக்கித் தர வேண்டிய உம்மாமாரும் இதை வாசித்தால் நல்லது.

மாதிரிப் புகையிரதம் ஐரோப்பாவில் வேர்விட்ட பொழுதுபோக்கு. ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில், ஒன்றோடொன்று பொருந்தும் தண்டவாளங்களைக் கொண்ட விளையாட்டுப் புகையிரதத்தைக் காட்சிக்கு வைத்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹோர்ன்பியின் நிறுவனம் 1920இல் இத்துறைக்கு வந்தது. அன்றுமுதல் எத்தனையோ வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் தரையில் முழந்தாளிட்டு வண்டி ஓட்டியிருக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் பாதி ஒட்டிய பலகை கட்டிலுக்கடியில் தூசு படிந்தும் கிடந்திருக்கிறது.

பலகை கட்டிலுக்கடியில் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்திறன் குறைவல்ல. ஓராண்டில் முடிக்க முடியாததை ஓராண்டுக்குத் திட்டமிடுவதுதான். பெரியவர்களுக்கு அது ஒரு வேலை தடைப்பட்டது போல. பிள்ளைக்கோ அது வாப்பா சொன்ன வாக்கு. குழந்தையை அருகில் அழைப்பதற்காகச் சொல்லும் வார்த்தைகூடப் பொய்யாகிவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு தாய்க்கு உணர்த்திய செய்தியை நாம் அறிவோம். ஆகவே வாக்குக் கொடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள்.

முதலில் ஓர் அளவுகோல்

கடைகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு அளவுகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியுள்ள 'எச்.ஓ.' என்பது உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு. பிரிட்டனின் 'ஓ.ஓ.' என்பது 76இல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள ஒரே தண்டவாளத்தில்தான். இவற்றைவிடச் சிறியது 'என்' அளவு. அதன் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீற்றர்.

ஓ.ஓ. அளவில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 20 மீற்றர் நீளமான பயணிகள் பெட்டி மாதிரியில் சுமார் 26 சென்ரிமீற்றர். பத்துப் பெட்டிகள் கொண்ட வண்டிக்கு இரண்டரை மீற்றருக்கு மேல் வேண்டும். அது நிற்பதற்கு மேடை, திரும்புவதற்கு வளைவு என்று பார்த்தால் நம்முடைய அறை முடிந்துவிடும். உண்மைப் பாதையில் ஒரு கிலோமீற்றர், இந்த அளவில் 13 மீற்றர். கொழும்பிலிருந்து பதுளை வரை செய்வோம் என்று பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள். இந்தக் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். பிள்ளையே திட்டத்தைச் சுருக்கிவிடும்.

இரண்டு பட்டியல்கள்

அமெரிக்காவில் ஜோன் ஆர்ம்ஸ்ட்ரோங் என்பவர் மாதிரிப் பாதைகளைத் திட்டமிடுவதையே ஒரு கலையாக வளர்த்தார். 1963இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையினர் இன்றும் புரட்டிப் பார்ப்பது. திட்டத்தை இரண்டு பட்டியல்களாகப் பிரிப்பது அவருடைய வழி. ஒன்று, மாற்ற முடியாதவை. மற்றது, கிடைத்தால் நல்லது என்று நாம் விரும்புபவை.

இதை நம் வீட்டில் எப்படிச் செய்வது? இரவுச் சாப்பாட்டின் பின் குடும்பமாக உட்காருங்கள். முதல் தாளில் மாற்ற முடியாதவற்றை எழுதுங்கள்: முன் அறையில் எத்தனை அடி இடம், விருந்தினர் வந்தால் பலகையை எங்கே வைப்பது, மாதம் எவ்வளவு ரூபா ஒதுக்கலாம், கிழமையில் எத்தனை மணித்தியாலம் கிடைக்கும். இந்தத் தாளை உம்மா எழுதட்டும். உண்மை நிலவரம் அவருக்குத்தான் தெரியும். இரண்டாவது தாளில் பிள்ளைகள் தங்கள் ஆசைகளை எழுதட்டும்: சுரங்கம், பாலம், தேயிலைத் தோட்டம், இரவில் எரியும் விளக்கு. மகளை மறந்துவிடாதீர்கள். மின்கம்பி இணைக்கவும் மட்டையில் வீடு கட்டவும் ஆண் பிள்ளைக்கு மட்டும் கை இருக்கிறதா என்ன?

பிறகு இரண்டாவது தாளிலிருந்து ஒவ்வொருவரும் ஒரேயோர் ஆசையைத் தெரிவு செய்யட்டும். மற்றவற்றை அழிக்க வேண்டாம். அவை அடுத்த ஆண்டுகளுக்கு இருக்கட்டும்.

ஐந்தடிப் பலகை போதும்

வட்டமாகப் பாதை போட்டால் வண்டி சுற்றிச் சுற்றி ஓடும். ஆனால் அதற்கு அகலமான பலகை வேண்டும், பிள்ளைக்கும் விரைவில் சலித்துவிடும். முதலாம் ஆண்டுக்கு வேறொரு வழி இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த அலன் ரைட் அமைத்த 'இங்கில்நூக்' என்னும் சிறு பாதை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஐந்தடி நீளம், ஓரடி அகலம் கொண்ட பலகையில் இதை அடக்கலாம்.

ஒரே பாதை மூன்றாகப் பிரியும். அதற்கு 'பொயின்ட்' எனப்படும் பிரிபாதைத் துண்டுகள் இரண்டு போதும். நீளமான கிளையில் ஐந்து சரக்குப் பெட்டிகள் நிற்கும். மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. முன்னால் உள்ள பொதுப்பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டும் நிற்கலாம். மொத்தம் எட்டுப் பெட்டிகள். எட்டு இலக்கங்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுங்கள். எடுத்த அதே வரிசையில் ஐந்து பெட்டிகளைச் சேர்த்து நீளமான கிளையில் நிறுத்த வேண்டும். இதுதான் விளையாட்டு.

எளிதாகத் தெரிகிறதா? எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்கும் வழிகள் 8×7×6×5×4, அதாவது 6,720. நாளுக்கு ஒன்றாக விளையாடினாலும் முடிக்கப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். உங்கள் பிள்ளை அதற்குள் வளர்ந்து வேலைக்குப் போய்விடும்.

எந்த ஊரைச் செய்வது?

நம் நாட்டின் அகலப் பாதையின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். ஓ.ஓ. அளவில் அது 22 மில்லிமீற்றராக வேண்டும். கடையில் வாங்குவது 16.5. இதை நினைத்து மனம் தளர வேண்டாம். பிரிட்டிஷ் பாதைக்குக்கூட அந்த 16.5 உண்மையில் ஒடுக்கமானதுதான். அங்குள்ளவர்கள் அதோடு பல பத்தாண்டுகளாக மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள். சரியாகப் பொருந்தியே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் களனிவெளிப் பாதை இருக்கிறது. 1990களில் அகலப் பாதையாக மாற்றப்படும்வரை அது இரண்டரை அடி ஒடுங்கிய பாதை. எச்.ஓ. அளவில் கணக்கிட்டால் 8.8 மில்லிமீற்றர் வரும். ஆகவே 'என்' அளவின் 9 மில்லிமீற்றர் தண்டவாளம் அதற்குக் கச்சிதம்.

தெமோதரையைப் பலரும் விரும்புவார்கள். நிலையத்தைவிட்டுப் புறப்படும் பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தினூடாகப் போகும் அதிசயம் அது. ஆனால் அது மூன்றாம், நான்காம் ஆண்டுக்கான ஆசை. இப்போதைக்கு உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறிய நிலையத்தின் சரக்கு முற்றம் போதும்.

வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேளுங்கள். வடக்குக்கான புகையிரத சேவை 1990இல் நின்றுபோய், 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. அதே 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் வளர்ந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு, மூத்தவாப்பா ஏறி இறங்கிய நிலையம் எப்படி இருந்தது என்று தெரியாது. எந்தப் பக்கம் கிணறு, எங்கே வேப்பமரம், தேநீர்க் கடை எந்த மூலையில் என்று அவர் சொல்ல, பிள்ளைகள் மட்டையில் வெட்டி ஒட்டட்டும். அவர் வாயால் சொல்லக்கூடியதாக இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய விபரங்கள் அவை.

மனித உருவங்களை வைப்பதை விரும்பாத குடும்பங்கள் தயங்கத் தேவையில்லை. சுவரில் சாத்திய சைக்கிள், வாங்கில் மறந்துவைத்த குடை, மேடையில் அடுக்கிய மூட்டைகள் ஆகியவை போதும். ஆட்கள் இப்போதுதான் எழுந்து போனார்கள் என்று தோன்றும்.

இரண்டு நாட்காட்டிகள்

நம்முடைய ஆண்டுத் திட்டத்துக்கு ஒரு நாட்காட்டி போதாது. றமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. இக்காலத்தில் அது பெப்ரவரி, மார்ச் பக்கமாக வருகிறது. அந்த மாதத்தை அமல்களுக்கு விட்டுவிடுங்கள். அதைச் சுற்றி வேலையைப் பிரிக்கலாம்.

றமழானுக்கு முன்: கடதாசி வேலை மட்டும். மண்ணிறக் கடதாசியில் பாதையை உண்மை அளவில் வரையுங்கள். பெட்டிகளை மட்டையில் வெட்டி வைத்துத் தள்ளிப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் வாங்க வேண்டாம். கடதாசியில் பிழை திருத்த ஓர் அழிறப்பர் போதும்.

பெருநாளுக்குப் பின், ஏப்ரல் விடுமுறை: பலகையும் தண்டவாளமும். தெரிந்த ஓடாவியாரிடம் மீதியாகும் ஒட்டுப்பலகையைக் கேட்டு வாங்கலாம். அடியில் மரச்சட்டம் அடிக்காவிட்டால் ஈரத்தில் பலகை வளையும். தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வரையே கேளுங்கள். உருக்குத் தண்டவாளம் கரையோர உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்.

மே முதல் ஜூலை: மின் இணைப்பும் ஓட்டிப் பார்த்தலும். வெறும் பலகையில் ஒரு மாதம் தடையின்றி வண்டி ஓடும்வரை மலையோ மரமோ வைக்காதீர்கள். அலங்காரம் செய்த பின் தண்டவாளத்தைப் பிடுங்குவது பிள்ளையின் மனத்தை முறித்துவிடும்.

ஆகஸ்ட் விடுமுறை: நிலப்பரப்பு. ரெஜிபோமைச் செதுக்கினால் மலை. அதற்கு வெள்ளைப் பசையே போடுங்கள். காரமான கரைப்பான் பசைகள் ரெஜிபோமைக் கரைத்துவிடும். அரித்த மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்தால் புல்லும் தேயிலையும். தண்டவாளத்துக்கிடையில் போடக் கடல் மணல் வேண்டாம். உப்பு உலோகத்தைத் தின்னும். நிறம் பூசும் நாட்களை உங்கள் ஊர் மழைக்கேற்பத் தெரிந்துகொள்ளுங்கள்.

பரீட்சைக் காலம்: வேலை நிற்கட்டும். பலகையைத் துணியால் மூடிவையுங்கள்.

டிசம்பர்: வீட்டாரையும் அயலவரையும் அழைத்து ஓட்டிக் காட்டும் நாள். திகதியை இப்போதே குறியுங்கள்.

செலவும் பாதுகாப்பும்

எஞ்சினும் பொயின்டும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பின் இவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்குப் பாரம்தான். ஆகவே ஒரு நல்ல எஞ்சின், இரண்டு பொயின்ட், ஒரு மின் கட்டுப்படுத்தி ஆகியவற்றுக்கு மட்டும் பணத்தை வையுங்கள். பெட்டிகளைப் பெருநாள் காசில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வீடு, மரம், மேடை எல்லாம் மட்டையும் குச்சியும்தான். ஓர் எஞ்சின் ஒழுங்காக ஓடும் முன் இரண்டாவதை வாங்குவது வீண்விரயம்.

வண்டி ஓடுவது 12 வோல்ட் நேரோட்ட மின்சாரத்தில். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் பலகைப் பக்கமே வரக் கூடாது; தொழிற்சாலையில் செய்த தரமான கட்டுப்படுத்தியே அதைக் குறைத்துத் தர வேண்டும். ஈயம் பற்றவைக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், பின் கையைக் கழுவுங்கள். கூரிய கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்.

பெரியதும் துண்டு துண்டாகவே

ஹம்பர்க் நகரில் பிரவுன் இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' உலகின் மிகப் பெரிய மாதிரிப் புகையிரத அமைப்பு என்று கின்னஸ் சாதனை பெற்றது. 2001இல் திறந்தபோது அங்கே சில பகுதிகளே இருந்தன. 2005இல் ஸ்கண்டிநேவியா, 2007இல் சுவிற்சர்லாந்து, 2011இல் விமான நிலையம், 2016இல் இத்தாலி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு பகுதியை முடித்து மக்களுக்குத் திறந்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். உலகம் முழுவதையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் அவர்களாலும் முடித்திருக்க முடியாது.

சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் காரியத்தின் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், ஐந்தடிப் பலகை, எட்டுப் பெட்டிகள். பத்து வயதுப் பிள்ளை உங்களோடு தரையில் உட்கார்ந்திருக்க விரும்பும் ஆண்டுகள் அதிகமில்லை. அவற்றுள் ஒன்றுக்கு இன்றிரவே அந்த இரண்டு தாள்களையும் எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், டிசம்பரில் உங்கள் வீட்டு நிலையத்திலிருந்து முதல் வண்டி புறப்படட்டும்.