ராங்கல் தீவின் கடைசி மாமூத்கள்

மொகஞ்சதாரோ செழித்திருந்த காலம் அது. எகிப்தில் பெரிய பிரமிடு எழும்பிச் சில நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு தீவில் கம்பளி மாமூத்கள் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தன. பனியுகத்தோடு அழிந்துபோனவை என்று நாம் நினைத்திருக்கும் அதே விலங்குகள்தான்!

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சைபீரியக் கரையிலிருந்து சுமார் 140 கி.மீ. தள்ளி இருக்கிறது ராங்கல் தீவு. பரப்பளவு சுமார் 7,600 சதுர கி.மீ. அங்கே கிடைத்த பற்களின் வயதைக் கணித்து, செர்கெய் வர்தன்யான் உள்ளிட்ட ரஷ்ய ஆய்வாளர்கள் 1993இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருநிலத்தில் மாமூத்கள் மறைந்த பிறகும் இந்தத் தீவில் பல ஆயிரம் ஆண்டுகள் அவை வாழ்ந்திருந்தன என்பதும், கடைசி மாமூத் இறந்து சுமார் 4,000 ஆண்டுகளே ஆகின்றன என்பதும் தெரியவந்தன.

ஓர் இனம் எப்படி அழிகிறது? மெல்ல மெல்லத் தேய்ந்தா, ஒரே அடியிலா? இந்தக் கேள்விக்கு ராங்கல் தீவின் எலும்புகள் அளவுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் சான்றுகள் மிகக் குறைவு.

பல்லில் தொடங்கிய அறிவு

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, ஒரு விலங்கினம் உலகைவிட்டே மறைந்துபோகும் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. சைபீரியாவில் கிடைத்த பெரிய எலும்புகள், தெற்கிலிருந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட யானைகளுடையவை என்றுகூடச் சொன்னார்கள். 1796இல் பாரிஸில், 26 வயது ஜார்ஜ் குவியே இதற்கு முடிவு கட்டினார். இலங்கை யானையின் மண்டையோட்டையும் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை யானையின் மண்டையோட்டையும் பக்கத்தில் வைத்து, சைபீரிய எலும்புகளை ஒப்பிட்டார். தாடையும் பல்லும் ஒத்துப்போகவில்லை. இது உயிரோடு இருக்கும் எந்த யானையும் அல்ல, அழிந்துபோன தனி இனம் என்று அறிவித்தார்.

அவருக்குப் பல் ஏன் அவ்வளவு உதவியது? யானையின் கடைவாய்ப் பல் கொத்திய அம்மியைப் போன்றது. அதன் குறுக்கே வரிவரியாகப் பற்சிப்பித் தகடுகள் எழுந்து நிற்கும். ஆப்பிரிக்க யானையில் அந்த வரிகள் சாய்சதுர வடிவில் அகன்றிருக்கும்; ஆசிய யானையில் ஒடுங்கி இணையாக ஓடும்; மாமூத்தில் இன்னும் மெல்லியதாக, இன்னும் நெருக்கமாக இருக்கும். கரடுமுரடான புல்லை அரைத்தே வாழ்ந்த விலங்கு என்பதற்கு அதுவே சான்று. யானைக் குடும்பத்தில் வாழ்நாளில் ஆறு தொகுதிப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். ஆகவே எத்தனையாவது பல், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த விலங்கு என்ன வயதில் இறந்தது என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

எப்போது இறந்தது என்பதைச் சொல்வது கதிரியக்கக் கார்பன். உயிரோடு இருக்கும்வரை உணவின் வழியே உடலில் சேரும் இந்தக் கார்பன், இறந்த பிறகு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எலும்பில் மிஞ்சியிருப்பதை அளந்தால் வயது கிடைக்கும். சுமார் 50,000 ஆண்டுகள் வரை இந்த முறை கைகொடுக்கும். இதை உருவாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தந்தம் காட்டிய பாதை

மாமூத்தின் தந்தம் பிறந்தது முதல் சாகும் நாள்வரை அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். நுனியில் இருப்பது குட்டிப் பருவம். அடியில் இருப்பது கடைசி நாட்கள். அதை நெடுக்காகப் பிளந்தால் முழு ஆயுளும் அடுக்கடுக்காகத் தெரியும்.

அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் மேத்யூ வுல்லர் குழு 2021இல் அதைச் செய்து காட்டியது. சுமார் 17,100 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவில் வாழ்ந்த ஓர் ஆண் மாமூத்தின் தந்தத்தைப் பிளந்து, நுனியிலிருந்து அடிவரை ஸ்ட்ரோன்சியம் ஐசோடோப்புகளை, அதாவது அந்தத் தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை, லேசர் கொண்டு அளந்தார்கள். பாறைக்குப் பாறை இந்த ஐசோடோப்புகளின் விகிதம் மாறும். பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து தந்தத்துக்கும் அந்த விகிதம் போய்ச் சேரும். அதை அலாஸ்காவின் நிலவரைபடத்தோடு பொருத்தியபோது, 28 ஆண்டு ஆயுளில் அது நடந்த பாதை தெரிந்தது. மொத்தத் தூரம், பூமியைக் கிட்டத்தட்ட இரண்டு முறை சுற்றிவரும் அளவு! ஏறக்குறைய 15 வயதில் அதன் போக்கு மாறுகிறது. இன்றைய ஆண் யானைகள் கூட்டத்தைவிட்டுப் பிரியும் பருவமும் அதுதான். கடைசிக் காலத்து அடுக்குகளில் நைட்ரஜன் ஐசோடோப்பு அளவு ஏறியிருந்தது. தீனி இல்லாத உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும்போது நடப்பது இது. அந்த மாமூத் பட்டினியால் இறந்தது.

மாமூத்களுக்குப் பரந்த நிலம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இந்த ஒரு தந்தமே சொல்லிவிடுகிறது. ராங்கல் தீவில் சிக்கியவற்றுக்கு அந்த நிலம் இல்லை.

எட்டிலிருந்து முந்நூறு

பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகக் கடல்மட்டம் உயர்ந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ராங்கல் பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத் தீவானது. அப்போது அங்கே எத்தனை மாமூத்கள் இருந்தன என்பதை டிஎன்ஏ சொல்கிறது.

உறைந்த மண், டிஎன்ஏவைக் காப்பதில் நிகரற்றது. சைபீரிய உறைமண்ணில் கிடைத்த, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய மாமூத் பற்களிலிருந்துகூட 2021இல் டிஎன்ஏவைப் படித்துவிட்டார்கள். நம் சிவாலிக் குன்றுகளில் ஸ்டெகோடான், சிவதீரியம் போன்ற பெருவிலங்குகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தும், அவற்றின் தொன்மையும் நம் நிலத்தின் வெப்பமும் அந்த வாய்ப்பை விட்டுவைக்கவில்லை.

ஒவ்வொரு பாலூட்டியிலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுத்தொகுதிகள் இருக்கும். இரண்டும் நீளமான பகுதிகளில் அப்படியே ஒத்திருந்தால், பெற்றோர் நெருங்கிய உறவு என்று பொருள். ஒத்திருக்கும் பகுதிகள் சிறு துண்டுகளாகச் சிதறியிருந்தால், அந்த நெருக்கம் பல தலைமுறைகளுக்கு முன் நேர்ந்தது. இப்படி ஓர் எலும்பிலிருந்தே மூதாதையரின் கூட்டம் எவ்வளவு பெரிது என்று கணிக்க முடிகிறது.

ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த லவ் டாலென், மரியான் டெஹாஸ்க் குழுவினர், 50,000 ஆண்டுக் காலப்பரப்பைச் சேர்ந்த 21 மாமூத்களின் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்து 2024இல் 'செல்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். தீவு துண்டிக்கப்பட்டபோது அங்கே மிஞ்சியவை அதிகபட்சம் எட்டு மாமூத்கள்! அடுத்த 20 தலைமுறைகளுக்குள், அதாவது ஏறக்குறைய 600 ஆண்டுகளில், அவை 200 முதல் 300 வரை பெருகின. பிறகு கடைசிவரை அந்த எண்ணிக்கையிலேயே நின்றன. எட்டில் தொடங்கிய கூட்டம் ஆறாயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

ஆனால் அந்தத் தொடக்கத்தின் தழும்பு ஆறவே இல்லை. உயிரைப் பறிக்கும் கடுமையான மரபுக் குறைகள், அவற்றைச் சுமந்த விலங்குகள் சந்ததி விடாததால் மெல்ல நீங்கின. சிறிய குறைகளோ தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போயின. நோய் எதிர்ப்பு தொடர்பான மரபணுக்களிலும் பன்மை குறைந்துவிட்டது.

அழித்தது எது?

மனிதர்களா? ராங்கல் தீவில் மனிதர்கள் வந்ததற்கான மிகப் பழைய தடயம், கடைசி மாமூத்துக்குச் சில நூறு ஆண்டுகள் பிந்தியது. உணவுப் பஞ்சமா? ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் லாரா ஆர்ப்பே குழு, எலும்புகளின் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை 2019இல் ஆராய்ந்தது. தீனியில் கடைசிவரை பெரிய மாற்றம் ஏதும் இல்லை. அலாஸ்காவைச் சேர்ந்த செயின்ட் பால் தீவின் மாமூத்கள் இதற்கு நேர்மாறு. கடல் உயர்ந்து தீவு சுருங்கியது, நன்னீர் ஏரியில் நீர் குறைந்தது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் அவை தண்ணீரின்றி மடிந்தன. ராங்கலில் அப்படிப்பட்ட நீண்ட சரிவு தென்படவில்லை. நன்றாகவே வாழ்ந்த கூட்டம் திடீரென இல்லாமல் போயிருக்கிறது.

ஒரு கொள்ளைநோயாக இருக்கலாம். பனியின்மேல் மழை பெய்து உறைந்து, புல்லை மூடிவிட்ட ஒரு கொடிய குளிர்காலமாக இருக்கலாம். எதுவாயினும், ஆயிரக்கணக்கில் பரவியிருந்த இனம் இத்தகைய அடியைத் தாங்கி, வேறோர் இடத்திலிருந்து மீண்டும் பெருகியிருக்கும். ஒரே தீவில் அடைபட்ட, ஒரே சாயல் மரபணு கொண்ட முந்நூறு விலங்குகளுக்குத் திரும்பிவர வேறு இடம் இல்லை.

இன்று கடல் சூழாமலே தீவுகள் உருவாகின்றன. ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழ்வது உலகிலேயே குஜராத்தின் கிர் வட்டாரத்தில் மட்டும்தான். அவற்றுக்கு மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இன்னொரு வாழிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. 2018இல் கிர் காட்டில் பரவிய வைரஸ் நோயில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, அந்த உத்தரவின் நியாயம் விளங்கியது. மாமூத்துக்கு இன்றுள்ள மிக நெருங்கிய உறவான ஆசிய யானையின் காடுகளையும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் தோட்டங்களும் வேலிகளும் துண்டாடிவருகின்றன.

கணக்கெடுப்பில் எண்ணிக்கை கூடினால் நாம் நிம்மதி அடைகிறோம். ராங்கல் மாமூத்களும் எண்ணிக்கையில் குறையாமல் ஆறாயிரம் ஆண்டுகள் இருந்தவைதான். ஓர் இனம் நிலைக்க எண்ணிக்கை மட்டும் போதாது. கூட்டமும் கூட்டமும் கலக்க வழி வேண்டும், ஓரிடத்தில் அடி விழுந்தால் மீள இன்னோர் இடம் வேண்டும். யானைகளின் வலசைப் பாதைகளை அடைக்காமல் விடுவதும், அடைபட்டவற்றைத் திறந்துவிடுவதும் நம்மால் இன்றே செய்யக்கூடிய காரியங்கள். அவற்றைச் செய்ய வேண்டும்.