உங்களுக்குத் தெரியுமா? மண்ணான பிறகும் பாறையின் பிடி

ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைச்சாலையோரம் மண் வெட்டப்பட்ட இடங்களை உற்றுப் பாருங்கள். கோடும் வெடிப்புமாகப் பாறை போலவே தெரியும் சில இடங்கள், விரலால் சுரண்டினால் பொலபொலவென உதிரும். ஜவ்வாது மலையின் சார்னகைட், கிரானைட் வகை நைஸ் பாறைகள் நின்ற இடத்திலேயே சிதைந்து மண்ணாகின்றன. பாறையிலுள்ள கனிமங்களில் ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் மணலாக மிஞ்சும். ஆனால் மணிகள் இடம் மாறுவதில்லை.

அந்த மண்ணுக்குப் பலமே அதுதான். தோண்டியெடுத்துப் பழைய அடர்த்திக்கே இறுக்கினாலும் பழைய உறுதி முழுதாகத் திரும்பாது. மணிகளுக்கு இடையிலிருந்த பிணைப்பு மண்வெட்டி பட்டதுமே அறுந்துவிடுகிறது. அதனால்தான் சோதனைக்கு மண்ணை அள்ளிப் போகாமல், கலையாத கட்டியாகச் செதுக்கி, மெழுகு பூசி எடுத்துப் போகிறார்கள்.

ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குமிழி விட்டு, ஓரம் கரைந்து, குவியலாக அடியில் உட்கார்ந்தால் பாறை முழுதும் சிதைந்துவிட்டது. கரையாமல் கிடந்தால் சிதைவு ஒரு படி குறைவு. ஹாங்காங் பொறியாளர்கள் களத்திலேயே செய்யும் சோதனை இது.

கோடையில் செங்குத்தாக நிற்கும் மண்சுவர் கார்த்திகை மழையில் சரிவது ஏன்? துளைகளில் நீரும் காற்றும் கலந்திருக்கும்வரை நீரின் இழுப்பு மணிகளைச் சேர்த்துப் பிடிக்கும். துளை நிரம்பினால் அந்தப் பிடி போய்விடும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், ஜமுனாமரத்தூர் இருக்கும் அதே மாவட்டத்தின் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டை மூடி 7 பேர் இறந்தார்கள்.

பழைய பாறையின் வெடிப்புகளும் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். களிமண் படிந்த அந்த வெடிப்புத் தளம் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தால், மற்ற மண் உறுதியாக இருந்தும் பயனில்லை. கையளவு மாதிரியில் இது தெரியாது. வெட்டுமுகத்தை நேரில் பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வெட்டுமுகம் அல்ல, வெட்டிய மண்ணைப் பள்ளத்து ஓரமாகத் தள்ளிவிடும் வழக்கம். ஹாங்காங்கின் சாவ் மாவ் பிங்கில், சிதைந்த கிரானைட்டை இறுக்காமல் கொட்டி எழுப்பிய சரிவு 1972 ஜூன் 18 அன்று மழையில் குழம்பாக ஓடி 71 உயிர்களைக் கொண்டுபோனது. 1976-இல் அதே பகுதியில் இன்னும் 18 பேர். அதன்பிறகே, இப்படிக் கொட்டிய சரிவுகளில் மேல் 3 மீட்டரை அகழ்ந்து, அடுக்கடுக்காக இறுக்கி, வடிகால் வைக்கத் தொடங்கினார்கள்.