இனித்தால் விரதம் கலையுமா?

1879-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தாரிலிருந்து வந்த வேதிப்பொருள்களோடு மல்லாடிவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். ரொட்டி தித்தித்தது. தித்திப்பு வந்தது அவர் விரலிலிருந்து! சாக்கரின் என்ற செயற்கை இனிப்பூட்டி கண்டுபிடிக்கப்பட்ட கதை இது.

16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்கள் இன்று கேட்கும் கேள்விக்கு வேர் அந்த விரலில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு டயட் கோலா குடிக்கலாமா?

330 மில்லி சாதாரண கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. அது ரத்தத்தில் ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் ஏறினால் கொழுப்பு கரைவது தடைபடும். விரதம் அங்கேயே முடிந்தது. டயட் கோலாவில் இருக்கும் அஸ்பார்டேம் சர்க்கரையைவிட சுமார் 200 மடங்கு இனிப்பு. அதனால் துளி போதும். கலோரி கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னொரு இனிப்பூட்டியான சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு. அதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும்.

கலோரிக் கணக்கில் விரதம் கலையவில்லை. ஆனால் இனிப்பை உணரும் ஏற்பிகள் நாக்கோடு நிற்பதில்லை, குடலிலும் உண்டு. குளுக்கோஸ் குடிக்கும் முன் சுக்ரலோஸ் எடுத்துக்கொண்ட பருமனானவர்களுக்கு இன்சுலின் சுமார் 20 சதவீதம் கூடியதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெறும் டயட் பானம் குடிப்பவருக்கு இது அப்படியே பொருந்தாது. இனிப்பூட்டியைத் தனியாக எடுக்கும்போது இன்சுலின் ஏறாததையே பல ஆய்வுகள் காட்டுகின்றன. 2022-இல் இஸ்ரேலில் 120 பேரிடம் நடந்த ஆய்விலோ, சாக்கரினும் சுக்ரலோஸும் சர்க்கரையைக் கையாளும் திறனையே மாற்றின. அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

ஏமாறும் இடம் வேறு. பாக்கெட்டில் வரும் இனிப்புப் பொடியில் அளவைக் கூட்டுவதற்காக டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ சேர்ப்பார்கள். இரண்டும் உடலுக்குச் சர்க்கரைதான். இனிப்பு மாத்திரை போட்ட பால் காபியிலும் விரதத்தைக் கலைப்பது பால்தான், மாத்திரை அல்ல.

எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது.

எப்போதாவது ஒரு டயட் பானம் குடித்தால் குடி முழுகிவிடாது. தினமும் வேண்டாம், தாகத்துக்குத் தண்ணீர், இல்லையென்றால் சர்க்கரை போடாத கடுங்காபி. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும், பானத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், விரதம் இருக்கலாமா என்றே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.