அடித்தளம் மட்டும் மிஞ்சிய வீடு

அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தில், கூல் பார்க் என்றோர் இடம் உண்டு. காடும் ஏரியும் சூழ்ந்த அந்த இடத்திற்கு இன்று செல்வோருக்கு, புல்வெளியின் நடுவே ஒரு வீட்டின் அடித்தளம் காட்டப்படுகிறது. கிரகரி குடும்பத்தார் 160 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த பெரிய வீடு அங்கேதான் இருந்தது.

அந்த வீட்டுக்கான செல்வம் இந்தியாவிலிருந்து போனது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிப் பொருள் ஈட்டிய ராபர்ட் கிரகரி, ஊர் திரும்பி 1768-இல் அந்த நிலங்களை வாங்கினார். ஏரியைப் பார்த்தபடி மூன்று தளங்களோடு வீடு எழுந்தது. வீட்டில் இருந்தவர்கள் புரொட்டஸ்டன்ட் நிலக்கிழார்கள். சுற்றிலும் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களோ பெரும்பாலும் ஏழைக் கத்தோலிக்கர்கள். அவர்களின் உணவு உருளைக்கிழங்கு.

1845-இல் உருளைக்கிழங்குச் செடியை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் மடிந்தனர். அதே அளவு மக்கள் கப்பலேறி நாட்டை விட்டுப் போயினர்.

பஞ்சம் கொடிதாக இருந்த 1847-இல், இலண்டன் பாராளுமன்றத்தில் ஏழைகள் நிவாரணச் சட்டம் விவாதத்திற்கு வந்தது. கூல் வீட்டின் வாரிசான வில்லியம் கிரகரி அப்போது 30 வயது உறுப்பினர். அவர் ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது என்பதே அந்த விதி. கால் ஏக்கர் என்பது நம் கணக்கில் 25 சென்ட். நிவாரணச் செலவு நிலவரியாக விழுவதால், நிலம் உள்ளவர் உண்மையான ஏழை அல்லர் என்ற வாதம் பலருக்கு நியாயமாகவே பட்டது. விதி நிறைவேறியது.

விளைவு என்ன? குழந்தைகளுக்குக் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நிலத்தை விட்டால் அடுத்த ஆண்டு பிழைக்க வழியில்லை. சிலர் நிலத்தை விட மறுத்துப் பட்டினியால் இறந்தார்கள். விட்டுக்கொடுத்த பலருடைய குடிசைகளின் கூரையை, அவர்கள் திரும்பி வராதபடி நிலக்கிழார்கள் பிரித்துப் போட்டார்கள். கூல் மாளிகைக்கு அடித்தளமாவது மிஞ்சியது. அந்தக் குடிசைகள் பலவற்றுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

இதில் நம்மை உறுத்த வேண்டிய ஒன்று உண்டு. வில்லியம் கிரகரி கல்நெஞ்சர் அல்லர். அவருடைய தந்தை அதே 1847-இல், பஞ்சத்தில் வாடிய குத்தகைதாரர்களைப் பார்க்கப் போய்க் காய்ச்சல் தொற்றி இறந்தார். வில்லியம் பின்னாளில், 1872 முதல் 1877 வரை, இலங்கையின் ஆளுநராக இருந்தார். கொழும்பு அருங்காட்சியகம் அவர் ஏற்படுத்தியது. அவருடைய சிலை இன்றும் அதன் முன்னே நிற்கிறது. ஆனால் அயர்லாந்தில் அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கால் ஏக்கர்தான். தந்தை குடிசை வாசலுக்குப் போய் முகங்களைப் பார்த்தார். மகன் இலண்டனில் அமர்ந்து கணக்கைப் பார்த்தார்.

வில்லியம் 1880-இல் மணந்த அகஸ்டா, 1892-இல் கைம்பெண் ஆனார். அவர் ஐரிஷ் மொழி கற்று, அக்கம்பக்கத்துக் குடிசைகளுக்கும் ஆதரவற்றோர் விடுதிக்கும் போய், முதியவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து உழைத்து, 1904-இல் டப்ளினில் அபே நாடக அரங்கம் திறக்கக் காரணமானார். ஆனால் அவருடைய ஒரே மகன் 1918-இல், போர்க்காலத்தில், இத்தாலியில் விமானம் விழுந்து இறந்தார். 1927-இல் வீடும் நிலமும் அரசுக்கு விற்கப்பட்டன. தன் சொந்த வீட்டிலேயே வாடகை கொடுத்து வாழ்ந்து, 1932-இல் அகஸ்டா கண் மூடினார். ஆளில்லாத வீடு 1941-இல் கல்லுக்காக விற்று இடிக்கப்பட்டது. விருந்தினராக வந்த எழுத்தாளர்கள் தம் பெயரெழுத்துகளைச் செதுக்கிய மரம் ஒன்று தோட்டத்தில் இன்னும் நிற்கிறது.

அன்பார்ந்தவர்களே, உதவி கேட்டு வருபவரிடம், "உங்களுக்குத்தான் சொந்த வீடு இருக்கிறதே?" என்று நானும் கேட்டிருக்கிறேன். கேள்வி நியாயமானதுதான். விதிகளும் தேவைதான். ஆனால் அந்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று ஒருமுறை போய்ப் பார்க்காமல் கேட்டேன் என்பதே என் குறை. கிரகரி விதித்த கால் ஏக்கர், நல்ல மனிதர்களாகிய நம் கையிலும் இருக்கக்கூடும். அடுத்த முறை மறுப்புச் சொல்லும் முன், அவர் வீட்டு வாசல் வரை ஒருமுறை நடந்து போவோமா?