சுட்ட மண்ணும் பூட்டிய கோப்பும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் காயவைத்திருக்கும் பொம்மை ஒன்றைத் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கரைந்து பழையபடி களிமண்ணாகிவிடும். அதே பொம்மை சூளைக்குள் போய் வந்துவிட்டால், வருடக்கணக்கில் ஊறினாலும் கரையாது. 500 முதல் 600 டிகிரி சூட்டுக்குள் களிமண்ணின் படிகத்தில் கட்டுண்டிருந்த நீர் வெளியேறி, மண்ணின் அமைப்பே மாறிவிடுகிறது. சுடுவது எளிது. சுட்டதைப் பச்சை மண்ணாக்கச் சூளைக்காரராலும் முடியாது.

கட்டுமான நிறுவனங்களைப் பயமுறுத்தும் ரேன்சம்வேரும் இப்படியொரு ஒருவழிப் பாதையில்தான் ஓடுகிறது. தமிழில் பிணைநிரல் எனலாம்: கோப்புகளை இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் நிரல் அது.

அந்தப் பூட்டுக்குள் இருப்பது பள்ளிக்கூடக் கணக்கு. 67-ஐ 73-ஆல் பெருக்குங்கள். 4,891 என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவீர்கள். இப்போது ஒரு நண்பரிடம் 4,891-ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேளுங்கள். பேனாவைக் கடிப்பார். பிணைநிரல்கள் பலவும் நம்பியிருக்கும் எண்ணும் இப்படிப் பெருக்கி வந்ததுதான்; அதற்கு 617 இலக்கங்கள். வரிக்கு 25 இலக்கமாக எழுதினால் கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் நிறையும். 2020-இல் 250 இலக்க எண் ஒன்றை ஆய்வாளர்கள் அப்படி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே ஒரு கணினிக் கருவை வைத்துச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடித்திருக்கும் வேலை அது.

அடுத்த சாமர்த்தியம் இரட்டைப் பூட்டு. பெரிய எண் பூட்டு பலமானது, ஆனால் மெதுவானது. அதனால் கோப்புகளை வேகமான சாதாரணப் பூட்டால் பூட்டி, அதன் சாவியை மட்டும் பெரிய எண்ணால் பூட்டுகிறார்கள். கோயில் உண்டியல் மாதிரி: சாவியை உள்ளே போட யாராலும் முடியும், வெளியே எடுக்க உண்டியலைத் திறப்பவரால் மட்டுமே முடியும். முகம் தெரியாத அந்த ஆள் எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

வேகம் இன்னொரு வியப்பு. 2022-இல் ஸ்ப்ளங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, லாக்பிட் என்ற பிணைநிரல் ஏறக்குறைய ஒரு லட்சம் கோப்புகளை ஆறு நிமிடத்துக்குள் பூட்டியது. மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் நான்கு கிலோபைட்டை மட்டும் அது குலைக்கிறது. பத்திரத்தின் முதல் தாளைக் கிழித்துவிட்டால் மீதித் தாள்களை வைத்து என்ன செய்வது?

கட்டுமானத் தொழில் இதற்கு வசதியான இலக்கு. ஒரே கட்டடத்துக்கு இன்ஜினியர், சப் கான்ட்ராக்டர், டைல்ஸ் கடைக்காரர், ஆடிட்டர் என்று பலரும் கோப்பு அனுப்புகிறார்கள். ‘கொட்டேஷன்’ என்று மெயில் வந்தால் திறக்காமல் இருக்க முடியுமா? வரைபடம், எஸ்டிமேட், பில், கூலிக் கணக்கு எல்லாம் ஒரே கணினியில் கிடக்கின்றன. அது நின்றால் சைட்டும் நிற்கும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி ஆலை வைத்திருக்கும் பிரெஞ்சுக் கட்டுமானப் பொருள் நிறுவனம் செயின்ட் கோபேன். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நிரல் அந்த நிறுவனத்தைத் தாக்கியது. அந்த அரையாண்டில் மட்டும் சுமார் 22 கோடி யூரோ விற்பனை போயிற்று. நிரல் முதலில் நுழைந்தது உக்ரைனில் புழங்கிய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக. பிணைநிரல் வேடம் போட்டிருந்தாலும், பணம் கட்டினாலும் திறக்க முடியாதபடி அது எழுதப்பட்டிருந்தது.

அதே நாளில் அடிபட்ட இன்னொன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனம். மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்திய முனையமும் முடங்கியது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை உலகெங்கும் சுமார் 150 சர்வர்களில் வைத்திருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று என்று தைரியம். ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தன; சேர்ந்தே அழிந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது, ஆப்பிரிக்காவின் கானாவில். தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் கட்! அந்த ஹார்டு டிஸ்க்கைக் கையோடு நைஜீரியாவுக்குக் கொண்டுபோய், விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் கொடுத்து, லண்டனுக்கு அனுப்பினார்கள். அதை வைத்துத்தான் நிறுவனம் எழுந்தது.

தனியே இருக்கும் பிரதிதான் காப்பாற்றும் என்ற பாடம் பீங்கான்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. களிமண் கூழை ஊற்றி வார்க்கும் பிளாஸ்டர் அச்சு நாளாக நாளாகத் தேயும். அதற்கும் அச்சாக இருக்கும் மூல அச்சைத் தினசரி வேலையில் இழுக்காமல் தனியே வைத்திருந்தால், எத்தனை அச்சு உடைந்தாலும் புதிதாக எடுக்கலாம். கணினி உலகில் இதற்குக் காப்பு நகல், அதாவது பேக்கப், என்று பெயர். 3-2-1 என்பது அதன் வாய்ப்பாடு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில்.

விருத்தாசலத்தில் வீடு கட்டித் தரும் சின்ன ஒப்பந்ததாரருக்கும் இது கட்டுப்படியாகும். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் ஒன்றைச் செருகி நகல் எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மறுவாரம் மற்றது. கழற்றுவதுதான் முக்கியம், செருகியே கிடக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு வரைபடத்தைத் திறந்து பாருங்கள்; திறக்காத நகல் நகலே இல்லை. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளை உலுக்கிய வான்னாக்ரை என்ற பிணைநிரல் நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மருந்து கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், முதலில் நெட் இணைப்பைப் பிடுங்குங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். விதிப்படி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தோம் என்று யோசித்தும் ஞாபகம் வரவில்லையா? சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்று மாலையே எடுத்துவிடுங்கள்.